செந்த்-எக்சுபெரி: அஞ்சல் சுமந்த எழுத்து

அந்த்வான் து செந்த்-எக்சுபெரி என்ற பெயரைக் கேட்டதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது 'குட்டி இளவரசன்'தான். மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கிய அச்சிறுநூலின் தொடக்கத்தில், பாலைவனத்தில் விமானம் பழுதாகி இறங்கிய விமானி ஒருவன் தனித்திருக்கிறான். அந்த விமானி கற்பனையில் மட்டும் பிறந்தவனல்லன். ஆப்பிரிக்க மணலிலும் தென்னமெரிக்கக் காற்றிலும் பிறர் எழுதிய கடிதங்களைச் சுமந்து பறந்த ஓர் ஊழியனின் நிழல் அவன்.

அந்த ஊழியருக்குச் சோறிட்ட நிறுவனத்தின் பெயர் ஏரோபொஸ்தால். அப்பெயரில் அது வாழ்ந்தது 1927 முதல் 1933 வரை. அவற்றுள்ளும் கடைசி இரண்டாண்டுகள் கடனடைப்போர் கையில் கழிந்தன. இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட ஒரு வணிக நிறுவனத்தின் நினைவு இலக்கியத்தில் நிலைத்ததற்கு இவர் ஒரு முதற்காரணர். இவரை எழுத்தாளராக்கியதும் அந்நிறுவனமே. ஒருவருக்கொருவர் பட்ட இந்தக் கடன் எவ்வாறு தீர்ந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்பதே செந்த்-எக்சுபெரி வாழ்வின் நடுச்சரடு.

தோற்ற இளைஞர்

1900-ஆம் ஆண்டு ஜூன் 29-இல் பிரான்சின் லியோன் நகரில் பிரபுக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். நான்கு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். தாயார் மாரி, ஐந்து குழந்தைகளையும் உறவினர் மாளிகையின் ஆதரவில் வளர்த்தார். பட்டம் இருந்தது, செல்வம் இல்லை. 1912-இல், பன்னிரண்டாம் வயதில், அருகிலிருந்த ஆம்பேரியே விமானத் திடலில் முதன்முதலாக வானேறினார். 1917-இல் தம்பி பிரான்சுவா நோயுற்று இறந்தான். உடன்பிறந்தானின் மரணப் படுக்கையருகே இருந்த அந்த இளமைத் துயரம் அவர் எழுத்தில் பின்னர்ப் பலமுறை தலைகாட்டும்.

கடற்படைக் கல்லூரித் தேர்வில் தோற்றார். இராணுவப் பணியின்போது விமானம் ஓட்டக் கற்றார். 1923-இல் நேர்ந்த விபத்தில் மண்டையோடு உடைந்தது. லூயீஸ் து வில்மொரேன் என்னும் நங்கையோடு நிச்சயமான மணம் முறிந்தது. ஓடு தயாரிக்கும் நிறுவனமொன்றில் கணக்கு எழுதினார். பின்னர் ஊர் ஊராகச் சுற்றிச் சுமையுந்து விற்றார். 1926-இல் விமானி ஒருவனைப் பற்றிய அவருடைய சிறுகதை, ஆத்ரியென் மொனியே நடத்திய 'வெள்ளிக் கப்பல்' என்னும் சிற்றிதழில் வந்தது. சிற்றிதழ் ஒன்றே முதலில் அவருக்குக் கதவு திறந்தது என்பது இலக்கிய வட்டங்கள் மகிழத்தக்க செய்தி. ஆயினும் அக்கதையில் பறத்தலின் இன்பம் இருந்த அளவுக்குப் பறப்பதற்கான காரணம் இல்லை. காரணம் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் தூலூஸ் நகரில் கிடைத்தது.

மூன்று ஆரஞ்சு மரங்கள்

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், போர் விமானங்கள் செய்துவந்த தொழிலதிபர் பியேர்-ழார்ழ் லாத்தெகோயெர், இனி இவ்விமானங்கள் எதற்கு என்ற கேள்விக்கு விடை தேடினார். பிரான்சிலிருந்து ஸ்பெயின், மொராக்கோ, செனகல் வழியே தென்னமெரிக்கா வரை கடிதம் கொண்டுசெல்லும் ஒரு தடம் என்பதே அவர் கண்ட விடை. 1918 கிறிஸ்துமஸ் நாளில் தூலூசிலிருந்து பார்சிலோனாவுக்கு முதற்பயணம் நடந்தது. 1919-இல் மொராக்கோவுக்கு அஞ்சல் போயிற்று. 1925-இல் தடம் தக்கார் வரை நீண்டது.

அக்காலத்துப் பிரெகே-14 விமானத்தில் விமானி இருக்கைக்கு மேல் கூரையில்லை. வானொலி இல்லை. ஒற்றை எந்திரம் எப்போது நிற்கும் என்று யாரும் சொல்ல இயலாது. நின்றால் கீழே ஸ்பெயினின் மலைகள். மலைகளைத் தாண்டினால் சகாராவின் கரையோரம். அங்கே இறங்க நேர்ந்தவர்களை மூர் நாடோடிகள் சிறைபிடித்துப் பணயம் கேட்பர். சிலவேளை கொன்றும் விடுவர். ஆகவே பாலைப் பகுதியில் விமானங்கள் இரண்டிரண்டாய்ப் பறந்தன. ஒன்று விழுந்தால் மற்றொன்று இறங்கித் தோழனை ஏற்றிக்கொள்ளும். மொழி தெரிந்த மூர் ஒருவரும் உடன் ஏற்றப்படுவதுண்டு.

இத்தடத்தின் செயலாட்சியைத் தூலூசில் நடத்தியவர் திதியே தோரா. போரில் பறந்தவர்; பேச்சில் சிக்கனர்; அஞ்சல் குறித்த நேரத்தில் புறப்படவேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் வேதமாகக் கொள்ளாதவர். புதிதாக வரும் விமானி எவராயினும், முதலில் கொட்டகையில் எண்ணெய்க் கறையோடு எந்திரம் துடைக்கவேண்டும். பிரபுக் குடும்பத்து செந்த்-எக்சுபெரியும் துடைத்தார்.

முதன்முறை அஞ்சலோடு பறக்கும் முறை வந்தபோது, அதற்கு முந்திய இரவு தோழர் ஆன்றி கியோமேயிடம் சென்று ஸ்பெயினின் நிலவியல் கேட்டார். கியோமே நகரங்களைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வயலோரம் நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்களைச் சொன்னார். இறங்கத் தோதான புல்வெளிபோல் தோன்றி உள்ளே சக்கரத்தைப் பிடிக்கும் ஓடையைச் சொன்னார். மலைச்சரிவில் தனியே வாழும் உழவர் தம்பதியரைச் சொன்னார். குறுக்கே ஓடிவரக்கூடிய ஆடுகளைச் சொன்னார். வரைபடம் எழுதுவோர் விட்டுவிட்டவையெல்லாம் அந்த விளக்கொளியில் உயிர்பெற்றன. பின்னாளில் 'மனிதர்களின் பூமி' நூலில் இவ்விரவை அவர் விரித்துரைத்தார். அவருடைய உரைநடைக்கான முதற்பாடம் அதுவெனலாம். பெரிய பெயர்களை விலக்கி உயிருக்கு உதவும் சிறுபொருளைச் சுட்டும் பழக்கத்தை, இலக்கணம் அறியாத ஒரு விமானி அவருக்குக் கற்பித்தார்.

ஜூபி முனை

1927-இல் லாத்தெகோயெர் தம் பங்குகளைத் தென்னமெரிக்காவில் துறைமுகங்களும் வங்கித் தொழிலும் நடத்திவந்த மார்செல் புயூ-லாஃபோன் என்பவருக்கு விற்றார். நிறுவனம் ஏரோபொஸ்தால் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் செந்த்-எக்சுபெரி, ஸ்பானிய ஆளுகையிலிருந்த மேற்குச் சகாராக் கரையில் ஜூபி முனை என்னும் இறங்குதளத்துக்குத் தலைவராக அனுப்பப்பட்டார்.

ஒருபுறம் கடல், மறுபுறம் மணல், நடுவே ஸ்பானியக் கோட்டை, கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு மரக்கொட்டில். படுக்கை ஒரு பலகை. இரண்டு பீப்பாய்களின்மேல் கிடத்திய கதவே மேசை. அங்கே பதினெட்டு மாதங்கள் இருந்தார். அப்பகுதி மூர் மக்களோடு தேநீர் அருந்தினார். அரபு கற்கத் தொடங்கினார். பாலைநரி ஒன்றை வளர்த்தார். விமானங்கள் விழுந்தபோது தேடிச் சென்றார். 1928-இல் ரேன், செர் என்னும் இரு ஊழியர்கள் மூர்களிடம் சிறைப்பட்டு மாதக்கணக்கில் துன்புற்றபோது அவர்களை மீட்க முயன்றோரில் அவரும் ஒருவர். அடிமையாய் வாழ்ந்த முதியவர் ஒருவரைத் தோழர்களோடு சேர்ந்து பணம் திரட்டி விடுவித்து ஊருக்கு அனுப்பிய செய்தியும் அவர் நூலில் இடம்பெற்றது. இத்தொண்டுகளுக்காக 1930-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருதளித்தது.

கதவு மேசையின்மீது எழுதப்பட்ட 'தெற்கு அஞ்சல்' என்னும் முதல் நாவல் 1929-இல் வெளிவந்தது. அதில் காதல் ஒருபுறமும் அஞ்சல் ஒருபுறமும் நிற்கின்றன. இரண்டும் நன்றாக ஒட்டவில்லை. ஆயினும் இறுதியில் விமானி மாண்டபின் அஞ்சல் பத்திரம் என்று செய்தி போகிறது. அந்தக் குளிர்ந்த அலுவல் மொழியில் ஒரு பெருங்கேள்வி உறங்கியது. முன்பின் அறியாதார் எழுதிய கடிதப் பை ஒன்று, அதைச் சுமப்பவனின் உயிருக்கு நிகராகுமா?

பத்தகோனியக் காற்று

1929 அக்டோபரில் அவர் புவெனோஸ் ஐரிசு வந்து சேர்ந்தார். ஏரோபொஸ்தாலின் கிளையாக 1927-இல் நிறுவப்பட்ட ஏரோபோஸ்தா அர்ஜென்டினா என்னும் சிறு நிறுவனத்துக்கு அவர் செயல் மேலாளர். தெற்கே பாயியா பிளாங்காவிலிருந்து கொமொதோரோ ரிவதாவியா வரையிலான தடம் நவம்பர் முதல் நாள் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது கண்டத்தின் தென்கோடிக்கு அருகே ரியோ காயெகோஸ் வரை நீண்டது. ஆட்டுப் பண்ணைகளும் எண்ணெய்க் கிணறுகளும் தவிர வேறொன்றும் அரிதாய்க் காணும் அந்நிலத்தில், வழியோர ஊர்களுக்குச் சாலையே சரிவர இல்லாத காலம் அது.

பத்தகோனியாவின் அரசன் காற்று. ஆந்தெஸ் மலையிலிருந்து கடல்நோக்கிப் பாயும் அக்காற்றில், விமானம் முன்னேறாது ஒரே இடத்தில் அந்தரத்தில் தொங்குவது போலாகும். தரையிறங்கிய பின்னும் ஆபத்து நீங்காது. சிப்பாய்கள் ஓடிவந்து இறக்கைகளைப் பற்றி இழுத்துக் கொட்டகைக்குள் சேர்க்கவேண்டும். செந்த்-எக்சுபெரி இத்தளங்களைத் தாமே பறந்து பார்த்தார், ஆட்களை அமர்த்தினார், கொட்டகை, எரிபொருள், விளக்கு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தார். புவெனோஸ் ஐரிசை அவர் விரும்பவில்லை. கேமெஸ் வணிக மாளிகையின் உயரத்து அறையில் தங்கி இரவுகளில் எழுதினார். எல் சால்வதோரில் பிறந்தவரும், குவாத்தமாலா எழுத்தாளர் கோமெஸ் கர்ரீயோவின் கைம்பெண்ணுமான கொன்சுவேலோ சுன்சீனை அங்கேதான் 1930-இல் கண்டார். அடுத்த ஆண்டு பிரான்சில் மணம் நடந்தது. புயலும் பிரிவும் நிறைந்த மணவாழ்வு அது.

அஞ்சல் தடத்தின் உயிர்நாடி இரவு. பகலில் விமானம் புகைவண்டியையும் கப்பலையும் முந்திவிடும்; இருட்டியதும் இறங்கிக் காத்திருந்தால், பகலில் ஈட்டிய நேரத்தை இரவு தின்றுவிடும். எனவே 1928-இல் ழான் மெர்மோஸ் ரியோ, புவெனோஸ் ஐரிசு இடையே இரவிலும் பறந்து வழிகாட்டினார். தளக் கருவிகள் மிகக் குறைவு. தரையில் சில தீப்பந்தங்கள். வானில் நிலவிருந்தால் நிலவு.

1930 மே மாதம் இத்தொழிலின் இரு முகங்களையும் ஒரே வாரத்தில் காட்டியது. மே 10 இரவு, தென்னமெரிக்கப் பகுதியின் இயக்குநர் பிரான்வில், விமானி நெக்ரேன், வானொலியாளர் ப்ருனேத்தா மூவரும் லா பிளாத்தா ஆற்றுமுகத்தின் பனிமூட்டத்தில் விழுந்து மாண்டனர். இரண்டு நாள் கழித்து, மே 12-இல், மெர்மோசும் இரு தோழரும் செனகலின் சான் லூயியிலிருந்து அஞ்சலோடு புறப்பட்டு, சுமார் 21 மணி நேரத்தில் பிரேசிலின் நத்தால் சேர்ந்தனர். கப்பல் நான்கைந்து நாள் எடுத்த கடல் ஒரே பறத்தலில் கடக்கப்பட்டது. சாவுச் செய்தியும் வெற்றிச் செய்தியும் ஒரே கம்பித் தடத்தில் வந்தன. எதற்காகவும் அஞ்சல் நிற்கவில்லை.

அடுத்த மாதம் 13-ஆம் நாள், ஆந்தெஸ் மலையைத் தமது 92-ஆம் முறையாகக் கடந்த கியோமே பனிப்புயலில் சிக்கி மலையேரி ஒன்றின் கரையில் விழுந்தார். குளிர்காலத்து ஆந்தெஸ் எவரையும் திருப்பித் தருவதில்லை என்றனர் ஊரார். செந்த்-எக்சுபெரி ஐந்து நாள் மலைகளின் மேல் பறந்து தேடினார், எதுவும் தென்படவில்லை. கியோமேயோ ஐந்து பகல் நான்கு இரவு பனியில் நடந்தார். உறங்கினால் சாவு என்றறிந்து நடந்தார். ஒரு கட்டத்தில் சாகவே துணிந்தபோது, உடல் கிடைக்காவிடில் மனைவிக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்க ஆண்டுகள் ஆகுமென்பது நினைவுக்கு வந்தது, கோடையில் உடல் கண்ணில் படும்படி ஒரு பாறைவரை சென்று சாகலாமென எழுந்தார், எழுந்தவர் நடந்துகொண்டேயிருந்தார். இச்செய்தியில் செந்த்-எக்சுபெரி வியந்தது வீரத்தையன்று. காத்திருப்போருக்குத் தான் கடமைப்பட்டவன் என்ற உணர்வே அவருக்குப் பெரிதாய்ப் பட்டது. ஜூபி முனையில் எழுந்த கேள்விக்கு ஒரு விடை அப்பனியில் கருக்கொண்டது. ஆனால் அது எழுத்தாய் மலர இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

புத்தகமும் பொறிவும்

அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்தது வேறொரு நூல். 'இரவுப் பயணம்' என்ற அந்நாவலில் பத்தகோனியா, சிலி, பராகுவே ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் அஞ்சல் விமானங்கள் ஓரிரவில் புவெனோஸ் ஐரிசு நோக்கி வருகின்றன. பத்தகோனியாவிலிருந்து வரும் ஃபாபியென் புயலில் மறைகிறான். அவனுடைய இளமனைவி அலுவலகத்தில் வந்து நிற்கிறாள். தலைவன் ரிவியேர் அவளுக்குச் சொல்ல எதுவுமின்றி, ஐரோப்பிய அஞ்சலைக் குறித்தபடி புறப்பட ஆணையிடுகிறான். ரிவியேரின் மூலவடிவம் தோரா என்பது வெளிப்படை. நூலும் தோராவுக்கே காணிக்கையாக்கப்பட்டது. முன்னுரை வழங்கியவர் ஆந்த்ரே ழீத்.

நூல் அச்சேறும் முன்பே நிறுவனம் சாயத் தொடங்கிவிட்டது. 1929-இல் வெடித்த உலகப் பொருளாதார நெருக்கடி புயூ-லாஃபோனின் பிற தொழில்களை உலுக்கிற்று. 1930 செப்டம்பரில் அர்ஜென்டினாவிலும் அக்டோபரில் பிரேசிலிலும் ஆட்சி கவிழ்ந்தது. பிரெஞ்சு அரசின் மானியத்தை நம்பியே அஞ்சல் தடம் வாழ்ந்தது. அம்மானியமும் பாரிசின் அரசியல் பூசலில் சிக்கி நின்றது. 1931 மார்ச் இறுதியில் நிறுவனம் நீதிமன்றக் கடனடைப்புக்கு உள்ளாயிற்று. அதன்பின் போலி ஆவணங்கள், வழக்குகள், நாளிதழ்ப் பழிகள். எந்தப் புயலும் வீழ்த்தாத தடத்தை மேசைகள் வீழ்த்தின. புயூ-லாஃபோன் செல்வமிழந்து 1944-இல் பிரேசிலில் இறந்தார்.

விந்தை என்னவெனில், நிறுவனம் கடனில் மூழ்கிய அதே 1931-இன் டிசம்பரில் அதன் புகழ்பாடும் 'இரவுப் பயணம்' பெமினா பரிசு பெற்றது. நூல் உலகமெங்கும் பரவிற்று. 1933-இல் ஆலிவுட்டில் திரைப்படமாயிற்று. ஆனால் பரிசுபெற்றவருக்கு வீட்டிலேயே கசப்புக் காத்திருந்தது. தோழர் சிலர் முகங்கொடுக்க மறுத்தனர். எல்லோரும் சேர்ந்து சுமந்த அஞ்சலை ஒருவர் தம் புகழுக்குப் பயன்படுத்திவிட்டார் என்பது அவர்கள் மனக்குறை. நிறுவனத்துக்குள் தோராவை எதிர்த்தோருக்கோ அந்தக் காணிக்கையே கண்ணில் உறுத்திற்று. 1932-இல் தோரா வெளியேற்றப்பட்டார். செந்த்-எக்சுபெரி அவர் பக்கம் நின்றார். அதனால் மேலும் தனிப்பட்டார். இந்தப் புறக்கணிப்பு தம்மை எவ்வளவு வருத்திற்று என்பதைக் கியோமேக்கு எழுதிய கடிதத்தில் அவர் கொட்டித் தீர்த்தார். வாசகர் கொண்டாடிய நூலால் எழுத்தாளருக்குத் தோழமை குறைந்துபோயிற்று.

தோழர்களின் கோபத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. 'இரவுப் பயணம்' தலைவனின் அறையிலிருந்து இரவைப் பார்க்கிறது. ரிவியேரின் இறுக்கத்துக்கு அது தரும் ஒளி, புயலில் கரைந்த ஃபாபியெனுக்குத் தரும் ஒளியைவிட மிகுதி. அஞ்சல் ஏன் உயிரினும் பெரிது என்பதை ரிவியேரால் உணரமுடிகிறது, விளக்க முடியவில்லை. தடம் தொடங்கிய நாள்முதல் நூற்றுக்கு மேற்பட்டோரைக் காவுகொண்ட ஒரு தொழிலில், விளக்கமின்மை சிறிய குறையன்று. செந்த்-எக்சுபெரி இதை உணர்ந்தவர் என்பதற்கு அவருடைய பிற்கால எழுத்தே சான்று.

தடம் இல்லாத விமானி

1933-இல் ஏரோபொஸ்தாலின் சொத்துக்கள் புதிதாய்ப் பிறந்த ஏர் பிரான்சில் கலந்தன. அர்ஜென்டினக் கிளை வேறு கைகளுக்கு மாறி, பெயரளவில் 1940-களின் இறுதிவரை நீடித்து, அந்நாட்டின் அரசு விமான நிறுவனத்துள் கரைந்தது. செந்த்-எக்சுபெரிக்கு நிலையான தடம் பின்னர் வாய்க்கவேயில்லை. சோதனை விமானியாய் இருந்தபோது 1933 டிசம்பரில் சான் ரஃபாயேல் வளைகுடாவில் கடல்விமானத்தோடு மூழ்கும் நிலைக்கு வந்தார். 1935 இறுதியில் பாரிசிலிருந்து சைகோனுக்கு வேகச் சாதனை முயன்று, எந்திரவியலாளர் ப்ரெவோவோடு எகிப்தின் மேற்குப் பாலையில் விழுந்தார். நீரின்றி நாட்கணக்கில் நடந்து, நாடோடி ஒருவரின் கருணையால் பிழைத்தார். 1938-இல் குவாத்தமாலாவில் மற்றொரு விபத்து. அஞ்சல் பையில்லாத பயணங்கள் அவை. பணமும் பெயரும் வேண்டிப் பறந்தவை.

அதற்கிடையே 1936 டிசம்பர் 7-இல் மெர்மோஸ் அத்லாந்திக்கில் மறைந்தார். 1939-இல் 'மனிதர்களின் பூமி' வெளிவந்தது. பிரெஞ்சுக் கழகத்தின் நாவல் பரிசு அதற்குக் கிடைத்தது. இந்நூல் கியோமேக்குக் காணிக்கை. இரு காணிக்கைகளுக்கும் இடையிலுள்ள தொலைவே அவருடைய வளர்ச்சி. ஆணையிட்டவரிடமிருந்து நடந்தவரிடம் அவர் வந்து சேர்ந்தார். கடிதப் பையின் மதிப்பு அதிலுள்ள தாள்களின் மதிப்பன்று என்பதை இந்நூல் காட்டுகிறது. அறியாதார் ஒருவருக்காகப் பொறுப்பேற்கும்போது சுமப்பவர் மனிதராகிறார். அந்தப் பொறுப்பு தோழமையாய்த் திரும்பி வராவிடில் அது வெறும் கொடுமையாய் முடியும். ரிவியேரால் விளக்க முடியாததை ஆந்தெஸ் பனியில் நடந்த கியோமேயின் கால்கள் விளக்கின.

1940 நவம்பரில் கியோமேயின் விமானம் நடுநிலக் கடல் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. பழைய தடத்துத் தோழருள் மிக நெருங்கியவரும் போயினர். அவ்வாண்டின் கடைசி நாளில் செந்த்-எக்சுபெரி நியூயார்க்கில் கரையிறங்கினார். அந்நிய ஊரில் 1942-இல் எழுதிய குழந்தைக் கதை 1943 ஏப்ரலில் வெளிவந்தது. பாலைநரி, தனித்த விமானி, எரிமலைகள், ஓயாது விளக்கேற்றும் காவலன், பராமரித்த ஒரு மலருக்குப் பொறுப்பான சிறுவன் என அதில் வருவன பலவும் ஜூபி முனையையும் பத்தகோனியாவையும் நினைவூட்டுவன. நேரம் தவறாது விளக்கேற்றும் அக்காவலனிடம் குட்டி இளவரசன் கொள்ளும் மதிப்பில், தோராவின் கொட்டகை மணம் வீசுகிறது.

வயது மீறியும் வற்புறுத்தி மீண்டும் போர் உளவு விமானம் ஓட்டச் சென்றார். 1944 ஜூலை 31 காலையில் கோர்சிகாத் தீவிலிருந்து புறப்பட்டவர் திரும்பவில்லை. 1998-இல் மார்செய் அருகே மீனவர் வலையில் அவர் பெயர் பொறித்த கைச்சங்கிலி சிக்கிற்று. அக்கடலடியில் 2000-இல் காணப்பட்ட சிதைவுகள் 2004-இல் அவர் ஓட்டிய விமானத்தினவே என்று உறுதியாயின.

ஏரோபொஸ்தால் சுமந்த கடிதங்களுள் பெரும்பாலானவை இன்று எங்கிருக்கின்றன என்று எவரும் அறியார். விலை விசாரிப்பும், பிறந்தநாள் வாழ்த்தும், காதலும், கடனும் அவற்றில் இருந்திருக்கும். அவற்றைப் படிக்காமலேயே, படிக்கும் உரிமையில்லாமலேயே, அவை உரியவர் கை சேரவேண்டுமென்று இளைஞர் பலர் இரவில் பறந்தனர். அவர்களோடு பறந்த ஒருவர், முதலில் அவர்களுடைய தலைவரைப் பாடினார். அதனால் தோழர் சிலரை இழந்தார். பின்னர் அவர்களையே பாடினார். அப்போது அவர்களுள் பலர் கேட்க உயிரோடில்லை. கடன் முழுதும் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. ஆனால் அச்சிறு நிறுவனத்தின் கணக்கேட்டில் எழுதப்படாத பற்று வரவு ஒன்று அவர் நூல்களில் எழுதப்பட்டுள்ளது. முகமறியாத ஒருவர் கைக்குச் சேரவேண்டியதை இருளில் சுமந்து செல்வதே தம் தொழில் என்று கொண்ட எழுத்து அது.